கழுவிக் கொண்டுவந்த கால்கள்

கோபத்தோடு எழுதினால் முன்னும் பின்னும் மாறிவிடும். அதனால் நடந்ததை முதலில் வரிசையாக வைத்துவிடுகிறேன்.

1. குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், பெரிய வியாழனன்று சுவாமியார் கழுவப்போகும் பன்னிரண்டு பேரின் கால்களையும் பார்த்துச் சொல்லும்படி எங்கள் தோட்டத்துக் கோயில் மூப்பர் என்னிடம் கேட்டார்.
2. பார்த்தேன். ஒருவருக்கு இடது கணுக்காலில் புண் இருந்தது. மருந்து வைத்துக் கட்டினேன்.
3. அந்தப் புண்ணால் சடங்குக்குத் தடை ஒன்றும் இல்லை என்று மூப்பரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.
4. புதன்கிழமை அந்த மனிதரைப் பன்னிருவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவள் நான் என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் பேச்சு.
5. அவருடைய கதிரையில் பெரிய கங்காணியின் மருமகன் உட்கார்ந்தார்.
6. புண்காலுக்காரரைச் சடங்குக்குத் தண்ணீர் சுமக்கச் சொன்னார்கள்.
7. பெரிய சனியன்று ஞானஸ்நானம் பெற இருந்த அவருடைய மனைவி கோயிலுக்கு வரவில்லை.

ஏழாவதுதான் காரியம். மற்றவை அதற்குப் போன வழி.

நான் மாத்தளை டவுனில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கண்டி ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை படித்து, இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தேன். பிள்ளைப்பேறு பார்ப்பது என் வேலை. ஆனால் தோட்டத்தில் பிள்ளைப்பேற்றை விட அட்டைக்கடியும் கால்புண்ணும் அதிகம். ஆகவே காலையில் பெயர் பதியும் பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகுமுன் டிஸ்பென்சரி வாசலில் நான் பார்ப்பது பெரும்பாலும் கால்கள்தான். யார் கொழுந்து மலையில் நிற்கிறார், யார் கானில் நிற்கிறார் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதரின் காலைப் பற்றி என் பெயரில் பொய் சொன்னார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மனிதர் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் வடிய வெட்டும் கானில் நாளெல்லாம் நிற்பவர். சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். பிறகு சைவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை அம்மன் கோயில் வாசலில் தாலி கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கோயிலில் அவருக்கு நன்மை, அதாவது நற்கருணை, கிடையாது. பூசைக்கு வருவார், கதவுக்கு வெளியே நிற்பார், போய்விடுவார். அவள் குடும்பம் வருடந்தோறும் மாத்தளைத் தேருக்கு நடந்து போகிற குடும்பம். அவளுக்கு எங்கள் கோயில் என்றால் தன் புருஷனை வெளியே நிறுத்திவைத்த இடம். அவ்வளவுதான்.

அவளுடைய முதல் பிள்ளையை எடுத்தவள் நான். பிள்ளை கால் முன்னால் வந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த தழும்பு பல நாள் இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் அவள் எதையும் கேட்பாள். சுவாமியார் புருஷனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார் என்றதும் என்னிடம்தான் வந்தாள்.

"நானும் தண்ணி வாத்துக்கணுமாம் நர்சம்மா. அப்பதான் கல்யாணத்த மந்திரிப்பாங்களாம். நெசமாவே இவரச் சேத்துக்கிட்டாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?"

"நெசந்தான். பெரிய வியாழனுக்கு இவருக்குத்தான் இராயப்பர் கதிரை. சாமி இவரு காலைக் கழுவுவாரு. நீயே வந்து பாரேன்."

"சாமி இவரு காலத் தொடுவாரா?"

"தொட்டுக் கழுவி, தொடச்சு, முத்தமும் குடுப்பாரு."

அவள் சிரித்துவிட்டாள். "இந்தக் காலையா! நானே தொடமாட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "அப்பிடிக் கழுவினா நா வர்றேன். புள்ளையையும் தூக்கிட்டு வர்றேன். நீங்கதான் எனக்கு ஞானத்தாயா நிக்கணும்."

இராயப்பர் கதிரை என்பது எங்கள் கோயிலின் வழக்கம். மற்ற இடங்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. சேசுநாதர் தம் சீஷர்களின் காலைக் கழுவியதை நினைத்து பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன் உட்கார வைப்பார்கள். முதல் கதிரை இராயப்பருக்கு, பேதுரு என்பார்களே அவருக்கு. விலகிப் போய்த் திரும்பி வந்தவர் யாராவது அந்த வருடம் இருந்தால் அந்தக் கதிரை அவருக்கே. இராயப்பரும் மறுதலித்துவிட்டு அழுது திரும்பியவர் அல்லவா. இந்தக் கோயிலைக் கல் சுமந்து கட்டிய பழைய ஆட்கள் வைத்த வழக்கம். எங்கள் மதத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்லுவது இந்தக் கதிரையைப் பற்றித்தான். சொல்லுவேன் என்று இனி எழுத முடியுமா, தெரியவில்லை.

இப்போது மூப்பர். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். கோயிலைத் திறப்பவர், பெருக்குபவர், திரி வெட்டுபவர், சுவாமியார் இல்லாத ஞாயிறுகளில் செபமாலை சொல்லுபவர் எல்லாம் அவரே. பெரிய வாரத்துக்கு, வழக்கமான சுவாமியாருக்குப் பதில், டவுனிலிருந்து புதிய சின்னச் சுவாமியார் வரவிருந்தார். மூப்பருக்கு அந்தக் கவலை. "பூசையில நன்மையத் தூக்கற கை நர்சம்மா," என்றார் என்னிடம். "அந்தக் கையில சீழு பட்டா, பாவம் யாரு தலையில?"

அவர் அதை மனதார நம்பினார். என் கோபம் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம். கள்ளத்தனமாகச் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். கால் கழுவும் சடங்குக்குக் காலைக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு கோயில் முழுவதும் நம்பினால் யாரைத் திட்டுவது?

ஆம், கழுவிக்கொண்டுதான் வருவார்கள். பெரிய வாரம் முழுவதும் பன்னிரண்டு பேரும் காலைத் தேய்ப்பார்கள். சவர்க்காரம், தேங்காய்ப் பொச்சு, செங்கல், எலுமிச்சம்பழம். சாயம் போல ஊறிய தேயிலைக் கறை போகவேண்டும் என்று ஒருவர் செங்கல்லால் தேய்த்துத் தோலையே எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். லயத்திலிருந்து கோயில் வரை மண் படாமலிருக்க, வழியெல்லாம் கொழுந்துச் சாக்கு விரிப்பார்கள். சாக்கு போதாத இடத்தில் தம்பிமார் அண்ணன்மாரை முதுகில் தூக்கிப் போவார்கள். முதல் வருடம் இதைப் பார்த்து நான் சிரித்தேன். பெண்களும் கேலி செய்வார்கள்: "பாத்துப் போங்க அப்போஸ்தலரே, கீழ விழுந்தா அடுத்த வருசந்தான் கழுவுவாங்க!"

கான் வெட்டுகிறவரின் புண் இடது கணுக்காலில், உள்பக்கம். பழைய அட்டைக்கடி சீழ்பிடித்துக் குழி விழுந்தது. தொற்றக்கூடியது அல்ல. அதைப் போரிக் தண்ணீரால் கழுவிக் கட்டினேன். மூப்பரைக் கூப்பிட்டுக் காட்டியும் விட்டேன்.

"சடங்குல எந்தக் காலைக் கழுவுவாங்க மூப்பரையா?"

"வலது காலு."

"புண்ணு எந்தக் கால்ல?"

அவர் பார்த்தார். "எடது."

"அப்ப ஒரு தடையும் இல்ல."

"இல்லதான்," என்றார். எனக்குச் சம்மதம் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. வரிசையில் நிற்கவில்லை, உள்ளே வரவும் இல்லை. கதவு நிலையில் நின்று கேட்டாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"என்னத்த?"

"அவருக்குச் சீக்கு, சாமி தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். படிச்சவங்க சொன்னா மறுக்க முடியாதுன்னு மூப்பரு சொல்றாரு. பெரிய கங்காணி மருமகன உக்கார வைக்கறாங்களாம்."

"நான் சொல்லல. கட்டினதும் நான்தான், ஒண்ணுமில்லன்னு சொன்னதும் நான்தான்."

என் முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிள்ளை வரும் வேளையில் "இன்னும் ஒரு தடவ முக்கு" என்று நான் சொன்னபோது பார்த்த அதே பார்வை. நம்பலாமா என்கிற பார்வை. நம்பினாள் என்றே நினைக்கிறேன். "அப்ப நீங்க சொல்லாததச் சொன்னதாச் சொல்றவங்க கோயில்தான் அது," என்றாள். போய்விட்டாள்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். சுரூபங்களை ஊதாத்துணியால் மூடிக்கொண்டிருந்தார் மூப்பர். வாயில் குண்டூசிகளைக் கடித்திருந்தார்.

"நான் சொல்லாத சொல்ல என் பேர்ல ஏன் சொன்னீங்க?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "கோவப்படாதீங்க. பெரிய கங்காணி வீட்டுலருந்து கேட்டாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுங்களா? காரணம் ஒண்ணு வேணுமே. புண்ணு இருக்குதுதானே?"

"எடது கால்ல."

"காலுன்னா காலுதாங்க."

"அவரச் சேத்துக்கிட்டதுக்கு அடையாளமே அந்தக் கதிரைதானே?"

"சேத்தாச்சே! யாரு இல்லன்னா? தண்ணி கொண்டாரச் சொல்லியிருக்கேன். பீடத்துக்கிட்டயே நிக்கலாம். அதுவும் பெரிய பாக்கியந்தான்."

புண்காலோடு, தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து மேடேறிக் குடம் சுமக்கலாம். கானில் நிற்கலாம். கழுவப்பட மட்டும் கூடாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் மாதாவின் சுரூபத்துக்குத் துணி போர்த்தப் போய்விட்டார்.

அன்று அந்தியில் கட்டு மாற்ற வந்த கான்காரரிடமும் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்! "மூப்பரு கெட்டவரு இல்லம்மா. பயந்த மனுசன். விட்டுருங்க." நான் கட்டை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

வியாழன் காலை சின்னச் சுவாமியார் வந்ததும் உடுப்பு மாற்றும் அறை வாசலில் நின்று அவரிடம் சொன்னேன். மூன்றே விஷயம்: புண் இடது காலில், அது தொற்றாது, விலக்கச் சொன்னது நான் அல்ல. இளம் மனிதர். கவனமாகக் கேட்டார். அதை நான் மறைக்கமாட்டேன். மூப்பர் பின்னாலிருந்து, "எல்லாம் பேசி முடிச்சாச்சு சாமி. அவரே சம்மதிச்சிட்டாரு," என்றார்.

சுவாமியார் திரும்பிப் பார்த்தார். குடத்தோடு வாசலில் நின்றார் கான்காரர். அவருக்குப் பின்னால் பெரிய கங்காணி குடும்பம், கணக்கப்பிள்ளை, கோயில் நிறைந்த சனம்.

"உமக்கு இது சம்மதமா?" என்று சுவாமியார் கேட்டார்.

"சம்மதம் சாமி."

வேறு என்ன சொல்ல முடியும்? குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும், எனக்குத்தான் அந்தக் கதிரை என்றா சொல்லுவார்? இரக்கமாகத்தான் கேட்டார் சுவாமியார். ஆனால் கேட்ட இடத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவர் மனம் ஆறிப் போனதைப் பார்த்தேன். என் மனம் ஆறவில்லை.

அவள் உள்ளே வரவில்லை. பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, பலாமரத்தடியில், பிள்ளையோடு நின்றாள். அங்கிருந்து பீடம் தெரியும்.

பெரிய வியாழனன்று மணி அடங்கிப்போகும், மரத்தட்டிதான் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய கங்காணி மருமகன் புதுச் சப்பாத்தும் உள்ளே மேஸ் என்கிற காலுறையும் போட்டு முதல் கதிரையில் உட்கார்ந்தார். எதையும் மறுதலிக்காத, எங்கும் விலகிப் போகாத இராயப்பர். வலது சப்பாத்தைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார். மேஸையும் கழற்றினார். குதிகால் முழுக்க ரத்தம். புதுச் சப்பாத்து கடித்துத் தோல் உரிந்து, மேஸ் அதில் ஒட்டியிருந்தது.

சுவாமியார் துவாயும் கையுமாக நின்றுவிட்டார். மூப்பர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், வா வா என்று. என் பை என்னிடம் இருந்தது. எழுந்து போனேன். ஆனால் பீடத்துக்கு முன் கிராதி. அதற்குள் பெண்கள் வரக்கூடாது. கூப்பிட்ட மூப்பரே அதை நினைத்துக்கொண்டு, இப்போது கையைத் திருப்பிக் காட்டினார், நில் நில் என்று.

கிராதிக்கு உள்ளே குடத்தோடு நின்ற ஆள் கான்காரர் ஒருவர்தான். குடத்தை வைத்தார். மண்டியிட்டார். அந்தக் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். தண்ணீரை மெல்ல விட்டு ரத்தத்தைக் கழுவினார். நான் பஞ்சையும் மருந்தையும் கிராதிக்கு மேலால் நீட்டினேன்.

"கொஞ்சம் எரியும் சின்னய்யா. பொறுத்துக்குங்க."

தன் காலில் நான் கட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். நான் சொல்லத் தேவையில்லாமல் சுற்றிக் கட்டினார். சுவாமியாரின் காதுகள் சிவந்துபோயின. பிறகு மற்றப் பதினொரு கால்களையும் அவர் கழுவினார். அவை எல்லாம் தேய்த்துத் தேய்த்து வெளுத்த கால்கள். அவர் கழுவ அவற்றில் ஒன்றும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தோம். மூப்பரின் கண்களில் தண்ணீர். "பாத்தீங்களா? இதுதாங்க தாழ்மை. சாமி பிரசங்கத்துல சொன்னத நம்ம ஆளு செஞ்சு காட்டிட்டாரு," என்று எல்லாரிடமும் சொன்னார். கணக்கப்பிள்ளையும் தலையாட்டினார். "எல்லாம் ஆண்டவர் சித்தம். பாருங்க, அவர விலக்கினதும் இதுக்குத்தான்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். சத்தம் போடவில்லை.

"அவரு இரக்கப்பட்டுச் செஞ்சாரு மூப்பரையா. அது அவரோடது. நீங்க செஞ்சத மூடுறதுக்கு அதை எடுக்காதீங்க."

"இன்னைக்கு என்ன நாளு, இப்பிடிப் பேசலாமா நர்சம்மா?"

"இன்னைக்குத்தான் பேசணும்."

எங்களுக்குள் தாழ்மை என்பது எப்போதும் கீழே இருப்பவரிடம் கேட்கப்படுகிறது. அவர் தாழ்ந்தால் மற்றவர்கள் கண் கலங்குகிறார்கள். கதிரையை விட்டு எழுந்திருக்கும்படி பெரிய கங்காணி மருமகனிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றியிருக்கலாம். சபையில் ஒருவர்கூட அதை அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

பலாமரத்தடிக்குப் போனேன். அவள் அழவில்லை. பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"இவரு காலைக் கழுவறோம்னு கூப்பிட்டாங்க. இவரையே கழுவ வச்சிட்டாங்க."

"சனிக்கெழம...?"

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்க நர்சம்மா, எப்ப வேணும்னாலும். நா அங்க வரல."

புருஷன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "கோவத்துல சொல்றா," என்றார் என்னிடம். "கோவமில்ல," என்றாள் அவள். "பாத்துட்டேன். அதான்."

பெரிய சனியன்று புதுத் தண்ணீரை மந்திரித்துவிட்டுச் சுவாமியார் காத்திருந்தார். நான் வெள்ளைச் சேலை உடுத்தி, மெழுகுதிரியோடு ஞானத்தாயாக நின்றேன். அவள் வரவில்லை. திரியைக் கொளுத்தாமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று நான் மூப்பரோடு பேசவில்லை, கடவுளோடும் அதிகம் பேசவில்லை.

பாஸ்கா முடிந்து டவுனுக்குத் திரும்புமுன் சுவாமியார் தனியாக லயத்துக்குப் போனார். மூப்பரைக் கூட்டிப் போகவில்லை. கட்டு மாற்ற நான் அங்கே இருந்தேன். வாசலில் நின்றபடியே அவர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. என்னுடைய தப்பு. மன்னிச்சிடுங்க."

கான்காரர் பதறி எழுந்தார். "அய்யோ சாமி, என்ன பேச்சு இது!" அவள் பதறவில்லை. ஏற்றுக்கொண்டாள், ஆனால் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் துண்டு வைத்துக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து முழுக்கக் குடித்தார்.

"அடுத்த பெரிய வியாழனுக்கு யாரும் கழுவிட்டு வரக்கூடாதுன்னு சொல்லப்போறேன். மலையிலருந்து நேரா வரட்டும்," என்றார்.

"வரட்டும் சாமி," என்றாள். "அன்னைக்கு நானும் வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பெரிய வியாழன் இன்னும் வரவில்லை. இப்போதைய நிலைமை இது. புண் ஆறிவிட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார், உள்ளேதான் நிற்கிறார். கல்யாணத்தை மந்திரிக்காததால் நன்மை இன்னும் கிடையாது. அவளும் பிள்ளையும் ஞானஸ்நானம் பெறவில்லை. பிள்ளைக்கு அம்மைப்பால் குத்த டிஸ்பென்சரிக்கு வந்தாள், என்னோடு பழையபடி பேசுகிறாள். மூப்பர் மூப்பராகவே இருக்கிறார். கால் பார்த்துத் தரும் வேலையை இனி செய்யமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கான்காரர் அவரை மன்னித்துவிட்டார். நான் இன்னும் மன்னிக்கவில்லை.